முழுமையாக அமையாத வளையம்: மூளைத் தமனிகளின் வரலாற்றிலிருந்து ஒரு பக்கம்

சென்ற மாதம் நாகபுரியில் பெரியம்மா வீட்டு அலமாரியை ஒழுங்குசெய்தபோது 2004ஆம் ஆண்டு தேதியிட்ட எம்.ஆர். ஆஞ்சியோகிராம் அறிக்கை ஒன்று கையில் கிடைத்தது. பெரியப்பாவுடையது. அவ்வாண்டு ஒரு பின்னிரவில் அவருக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சு நின்றது. ஒன்பது ஆண்டுகள் அந்நிலையிலேயே வாழ்ந்து மறைந்தார். அறிக்கையின் முதல் வரி நாங்கள் அறிந்ததுதான்: இடப்புற உட்கரோட்டிட் தமனி அடைபட்டுள்ளது. அதன் கீழே, எவரும் எங்களுக்குப் படித்துக் காட்டாத இன்னொரு வரி இருந்தது: இடப்புறப் பின் இணைப்புத் தமனி தென்படவில்லை, முன் இணைப்புத் தமனி மிக மெலிந்துள்ளது.

நான் மருத்துவ வரலாற்றை ஆய்வுசெய்பவன், மருத்துவன் அல்லன். ஆயினும் அந்த ஒரு வரி என்னை 1664ஆம் ஆண்டுக்கு இட்டுச் சென்றது. பதிவு நீளமாகத்தான் அமையும், பொறுத்தருள்க. ஒரே தமனி ஒரே இடத்தில் அடைபட்டும் ஒருவர் முடங்குவதும் மற்றொருவர் எழுந்து நடப்பதும் ஏன் என்னும் வினா, மருத்துவத்தில் பலமுறை எழுப்பப்பட்டுப் பலமுறை மறக்கப்பட்ட ஒன்று. எங்கள் குடும்பத்துக்கு அது வெறும் ஏட்டு வினா அன்று. பெரியப்பாவின் அலுவலக நண்பர் ஒருவருக்கு, வேறெதற்கோ செய்த பரிசோதனையில், அதே தமனி முற்றிலும் அடைந்திருப்பது தற்செயலாகத் தெரியவந்தது. அவருக்கு ஒரு நாளும் விரல்நுனிகூட மரத்ததில்லை. பெரியம்மாவோ, அன்றிரவு "விடியட்டும்" என்று நான்கு மணிநேரம் காத்திருந்ததே எல்லாவற்றுக்கும் காரணம் என்று இருபது ஆண்டுகளாக நம்பிவருகிறார். மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் "முன்னமே கொண்டுவந்திருக்கலாமே" என்று சொன்ன ஒரு சொல் அவர் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது.

ஆக்ஸ்ஃபோர்டில் இயற்கைத் தத்துவப் பேராசிரியராக விளங்கிய தாமஸ் வில்லிஸ், 1664இல் 'செரிப்ரி அனாட்டமி' என்னும் இலத்தீன் நூலை வெளியிட்டார். உடல்களை அறுப்பதில் அவருக்குத் துணைநின்றவர் ரிச்சர்ட் லோவர். மூளைப் படங்களை வரைந்தவர் கிறிஸ்டோபர் ரென். லண்டன் பெருந்தீக்குப் பின் செயின்ட் பால் பேராலயத்தை எழுப்பிய அதே ரென். இவர்கள் மூளையை மண்டையோட்டிலிருந்து முழுதாக வெளியே எடுத்து, கவிழ்த்து வைத்து, அடிப்பகுதியைக் கண்டார்கள். கழுத்தின் முன்புறமாக ஏறும் இரு கரோட்டிட் தமனிகளும், முதுகெலும்பின் துளைகள் வழியே ஏறும் இரு முதுகெலும்புத் தமனிகளும் அங்கே சிறு இணைப்புகளால் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வளையமாக நிற்பதை அப்படம் காட்டுகிறது.

அவ்வளையத்தை முதலில் கண்டவர் வில்லிஸ் அல்லர். இத்தாலியில் கசேரியோவும் வெஸ்லிங்கும், சுவிட்சர்லாந்தில் வெப்ஃபரும் அவருக்கு முன்பே மூளையடித் தமனிகளை வரைந்தோ விவரித்தோ இருக்கிறார்கள். வில்லிஸ் கேட்ட கேள்விதான் புதியது: இந்த இணைப்பு எதற்கு? ஒரு பக்கக் கரோட்டிட் தமனியில் நிறமேற்றிய நீர்மத்தைச் செலுத்தி, அது மூளையின் மறுபக்க நாளங்களிலும் பரவி நிற்பதைக் கண்டார். குருதி சுற்றிவருகிறது என்று ஹார்வி எழுதி அப்போது 36 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழியாகக் குருதி வந்து சேரவே இவ்வமைப்பு என்று வில்லிஸ் முடிவுசெய்தார்.

அந்நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு பிணத்தைப் பற்றியது. வயிற்றுக் கட்டியால் இறந்த ஒருவரை அறுத்தபோது, மண்டையோட்டினுள் ஒரு பக்கக் கரோட்டிட் தமனி கல்போல் இறுகி, துளையே இல்லாத அளவுக்கு அடைந்திருந்தது. அவருக்கு உயிரோடிருந்தவரை பக்கவாதம் வந்ததில்லை. காரணத்தைத் தேடியபோது, அதே பக்கத்து முதுகெலும்புத் தமனி மறுபக்கத்துத் தமனியைவிட மூன்று மடங்கு பருத்திருப்பதைக் கண்டார்கள். பெரியப்பாவின் நண்பரை 340 ஆண்டுகளுக்கு முன்பே ஆக்ஸ்ஃபோர்டு அறுவை மேசையில் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு.

இனி ஒரு குறை. இப்படத்தை மருத்துவக் கல்வி ஏற்றுக்கொண்ட வேகத்தில், அதன் வினாவை ஏற்றுக்கொள்ளவில்லை. வளையம் ஒரு வடிவமாகிவிட்டது. இன்றும் எந்த ஊரின் முதலாண்டு மருத்துவ மாணவரைக் கேட்டாலும், ஒரே சீரான பக்கங்களைக் கொண்ட பலகோணம் ஒன்றைத் தாளில் வரைந்து, கிளைகளின் பெயர்களை ஒப்பித்துவிடுவார். எல்லா மனிதருக்கும் அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் அதனோடு சேர்ந்தே மனத்தில் பதிந்துவிடுகிறது.

ஆனால் அறுவை மருத்துவர்கள் இதைக் கைப்பழக்கத்தில் அறிந்தே இருந்தார்கள். லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர், தமனி வீக்கத்துக்காகக் கழுத்துக் கரோட்டிட் தமனியைக் கட்டிய முதல் முயற்சியில், 1805இல், நோயாளி இறந்துபோனார். 1808இல் மறுபடியும் கட்டினார். அந்நோயாளி 13 ஆண்டுகள் வாழ்ந்தார். 1821இல் அவர் இறந்தபின் உடலைத் தேடிச்சென்று ஆராய்ந்து, 1836இல் அதைக் கட்டுரையாக எழுதியிருக்கிறார் கூப்பர். தாம் அடைத்த பாதைக்கு மாற்றாக உடல் எப்பாதையைத் திறந்தது என்று பார்க்க அத்தனை ஆண்டுகள் காத்திருந்த பொறுமை வியப்பூட்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பெரிய பூசல் எழுந்தது. என் பார்வையில் இக்கதையின் திருப்புமுனை அதுதான். ஜெர்மானிய நோயியலறிஞர் யூலியுஸ் கோன்ஹெய்ம், தவளையின் நாக்கில் மெழுகுத் துளிகளைச் செலுத்தித் தமனிகளை அடைத்துப் பார்த்து, 1872இல் 'முடிவுத் தமனி' என்னும் கருத்தை முன்வைத்தார். பக்கத்துத் தமனியோடு எவ்விணைப்பும் இல்லாமல் முட்டுச்சந்துபோல் முடியும் தமனி அது; அடைபட்டால் அது ஊட்டிய திசு இறந்தே தீரும். மூளைத் தமனிகள் அவ்வகையா என்பது உடனே வழக்காயிற்று. அதே ஆண்டில் லைப்சிக்கின் ஓட்டோ ஹெய்ப்னர், இறந்தோர் மூளைகளில் நிறநீர்மம் செலுத்தி, முன், நடு, பின் மூளைத் தமனிகளின் நுனிக்கிளைகள் மூளையின் மேற்பரப்பில், மெல்லுறைக்குள், ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கின்றன என்று எழுதினார். பாரிஸில் ஷார்க்கோவின் மாணவர் ஆன்ரி டூரே 1874இல் மறுத்தார்: இணைப்புகள் உண்டு, ஆனால் அவை மிகச் சில, மிக நுண்ணியவை, பயன்படாதவை. ஷார்க்கோ தம் மாணவரின் பக்கம் நின்றார். அக்காலத்தில் நரம்பியலில் ஷார்க்கோ சொன்னது சட்டம்.

இருவரும் பொய் சொல்லவில்லை என்பதே இதில் சுவையானது. மூளையின் ஆழத்துக்குள் செங்குத்தாக இறங்கும் ஊடுருவு தமனிகள் செயலளவில் முடிவுத் தமனிகளே. அங்கே டூரே சரி. மேற்பரப்புத் தமனிகள் அப்படியல்ல. அங்கே ஹெய்ப்னர் சரி. இதற்கும் மேலாக ஒன்று உண்டு: மெல்லுறைப் பிணைப்புகளின் எண்ணிக்கையும் பருமனும் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். ஒருவர் மூளையில் தாராளமாக இருப்பது மற்றொருவர் மூளையில் இழைகளாகவே இருக்கலாம். அதை ஒரு 'மனித மூளை' பற்றிய பூசலாகவே இருவரும் நடத்தினார்கள். பல மூளைகள் என்று பேசியிருந்தால் பூசலே எழுந்திராது.

ஷார்க்கோவின் பக்கம் வென்றதால் நேர்ந்த இழப்பு எளிதில் கண்ணுக்குத் தெரிவதன்று. மூளைத் தமனி முட்டுச்சந்து என்றால், அடைப்பு நேர்ந்த கணமே எல்லாம் முடிந்தது. பிறகு மருத்துவர் செய்யத்தக்கது எப்பகுதி இறந்தது என்று துல்லியமாகச் சொல்வது மட்டுமே. அடுத்த எழுபது, எண்பது ஆண்டுகளின் நரம்பியல் அக்கலையில் ஒப்பற்றதாக விளங்கியது. சிகிச்சையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. கோட்பாடு ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். உயிருள்ளவரின் தமனியைப் பார்க்க வழியே இல்லாத காலம் அது. ஆயினும் கோட்பாடு அக்கையறுநிலைக்கு ஒரு நியாயத்தை வழங்கியது.

பார்க்கும் வழி 1927இல் வந்தது. லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் உயிருள்ள மனிதரின் மூளைத் தமனிகளை எக்ஸ் கதிர்ப் படத்தில் காட்டினார். அவருக்கு 1949இல் கிடைத்த நோபல் பரிசு இதற்காக அன்று, மூளையின் முன்மடல் இணைப்புகளை அறுக்கும் சிகிச்சைக்காக என்பது அப்பரிசின் வரலாற்றில் ஒரு சங்கடம். 1951இல் மில்லர் ஃபிஷர், பக்கவாதத்தின் மூலத்தை மூளைக்குள் மட்டும் தேடாமல் கழுத்திலும் தேட வேண்டும் என்று காட்டினார். உட்கரோட்டிட் தமனி கழுத்திலேயே அடைபட்டிருப்பது பலரிடம் காணப்பட்டது. அவர்களில் சிலர் எக்குறியுமின்றி வாழ்ந்தவர்கள். தமனி ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறுகி அடைபட்டால் மாற்றுவழிகள் விரிந்துகொள்ளக் காலம் கிடைக்கிறது. இதயத்திலிருந்து வந்த உறைகட்டி ஒரு நொடியில் அடைத்தால் அக்காலம் இல்லை. 1953இல் வாண்டர் ஈக்கனும் ஆடம்ஸும் மெல்லுறைப் பிணைப்புகளை மறுபடியும் அளந்து, ஹெய்ப்னருக்கு உரிய இடத்தை மீட்டுக் கொடுத்தார்கள்.

வளையத்தை எண்ணிப் பார்க்கும் வேலை அதன்பின் தொடங்கியது. 1959இல் ஆல்பர்ஸ் குழுவினர் நோயற்ற 350 மூளைகளைப் பார்த்தனர். பாடநூல் வளையம் ஏறத்தாழ பாதிப்பேரிடம்தான் இருந்தது. 1963இல் ரிக்ஸும் ரப்பும் நரம்பு நோய்க்குறி இருந்தவர்களின் 994 மூளைகளைப் பார்த்தனர். அங்கே அது ஐந்தில் ஒரு பங்கினரிடம் மட்டுமே. எவ்வளவு மெலிந்ததைக் குறை என்று எண்ணுவது என்பதைப் பொறுத்து இக்கணக்குகள் ஏறும், இறங்கும். எப்படி எண்ணினாலும் சரி, மாணவர் வரையும் அப்பலகோணம் மனித இனத்தின் பொதுவடிவம் அன்று. ஒரு பக்கப் பின் இணைப்புத் தமனி நூலிழையாக இருப்பது, பின் மூளைத் தமனி கருவில் இருந்ததுபோலவே கரோட்டிட்டிலிருந்து கிளைப்பது, முன் மூளைத் தமனியின் முதற்பகுதி ஒரு பக்கம் மெலிந்திருப்பது ஆகியவை மிகச் சாதாரணம். இதற்கொரு விலங்குச் சான்றும் உண்டு. மங்கோலிய ஜெர்பில் என்னும் சிறு கொறிவிலங்கின் மூளையில் பொதுவாகப் பின் இணைப்புத் தமனி அமைவதில்லை. கழுத்தில் ஒரு கரோட்டிட்டைக் கட்டினாலே அவற்றுள் கணிசமானவற்றுக்கு அப்பக்க மூளை பாதிக்கப்படுகிறது. 1960களிலிருந்து ஆய்வுக்கூடங்கள் பக்கவாதம் பற்றிய சோதனைகளுக்கு அதைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான்.

இதெல்லாம் அறிந்தும், நோயாளிக்கு ஏதும் ஆகவில்லை. 1967இல் சூரிச்சில் யாசர்கில் உச்சந்தலைத் தமனியை மூளைத் தமனியோடு தைத்து, இயற்கை தராத பாதையைக் கையாலேயே அமைத்தார். அழகான எண்ணம். 1,377 நோயாளிகளைக் கொண்டு நடந்த பன்னாட்டு ஆய்வு, அவ்வறுவை பக்கவாதத்தைத் தடுக்கவில்லை என்று 1985இல் அறிவித்தது. அடைப்பு ஆறிய பின் மாதக்கணக்கில் கழித்துப் பாலம் கட்டுவது வேறு. அடைப்பு நேர்ந்த அந்த முதற்சில மணிநேரம் வேறு.

அம்முதல் மணிநேரங்களில் நடப்பதை விளக்கியவை லண்டனில் லிண்ட்சே சைமன் குழுவினர் பபூன் குரங்குகளில் செய்த ஆய்வுகள். நலமான மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் குருதி பாய்கிறது. அது 20க்குக் கீழே இறங்கும்போது நரம்பணுக்கள் மௌனமாகின்றன. 10ஐ ஒட்டி இறங்கினால் இறக்கத் தொடங்குகின்றன. மௌனத்துக்கும் மரணத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி! பள்ளியில் கிரகணப் பாடத்தில் கருநிழல், புறநிழல் என்று படித்தோமே, அந்தப் புறநிழல் என்னும் சொல்லையே ஆஸ்ட்ரப், சீஷோ, சைமன் மூவரும் 1981இல் இதற்குத் தலைப்பாக்கினார்கள். கை அசையவில்லை, பேச்சில்லை. ஆனால் அப்பகுதி இறந்துவிடவில்லை. அதை உயிரோடு வைத்திருப்பது எது? பக்கவழியாகக் கசிந்து வரும் குருதிதான். வில்லிஸின் வினாவுக்கு இப்போதுதான் நோயாளியின் படுக்கையருகே ஒரு பொருள் கிடைத்தது. வளையமும் மெல்லுறைப் பிணைப்புகளும் நன்கு அமைந்தவரிடம் கருநிழல் மெல்லப் பரவும். அமையாதவரிடம் விரைந்து பரவும்.

அதன்பின் கடிகாரம் வந்தது. 1995இல் 624 நோயாளிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு, உறைவைக் கரைக்கும் மருந்தை மூன்று மணிநேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று நிறுவியது. 2008இல் அவ்வெல்லை நாலரை மணிநேரமாயிற்று. 'காலமே மூளை' என்னும் முழக்கம் உலகெங்கும் பரவியது. ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டுச் சொன்ன எண்ணைப் பலரும் கேட்டிருப்பீர்கள்: சிகிச்சையில்லாத ஒவ்வொரு நிமிடத்திலும் 19 லட்சம் நரம்பணுக்கள் இறக்கின்றன. விழிப்புணர்வுக்கு இதைவிடக் கூர்மையான வாசகம் கிடையாது. ஆனால் அது ஒரு சராசரி. 2019இல் வேறொரு குழுவினர் பெருந்தமனி அடைப்புற்றவர்களை ஒவ்வொருவராக எடுத்து அதே கணக்கைப் போட்டார்கள். நிமிடத்துக்கு 35 ஆயிரத்துக்கும் குறைவாக இழந்தவரும் இருந்தார், 2.7 கோடிக்கும் மேல் இழந்தவரும் இருந்தார். ஏறத்தாழ எண்ணூறு மடங்கு வேறுபாடு. சராசரி என்னும் திரைக்குப் பின்னால், 1870களின் அதே பிழை மறுபடியும் வந்து அமர்ந்திருந்தது.

உறைகட்டியைக் கம்பிவலையால் பற்றி வெளியே இழுக்கும் சிகிச்சையின் பலன் 2015இல் உறுதிப்பட்டபோது உடற்கூறு திரும்பவும் மேடையேறியது. அவ்வாண்டு வெளிவந்த எஸ்கேப் ஆய்வு, பக்கவழிக் குருதியோட்டம் ஓரளவேனும் உள்ளவர்களையே சி.டி. ஆஞ்சியோகிராமில் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டு மணிநேரம்வரை சிகிச்சை அளித்தது. டான் ஆய்வு இன்னும் துணிந்தது. கடைசியாக நலமாகக் காணப்பட்டு ஆறு முதல் இருபத்து நான்கு மணிநேரம் கடந்தவர்களில், குறிகள் கடுமையாக இருந்தும் இறந்த பகுதி சிறியதாக உள்ளவர்களைத் தேர்ந்தது. தொண்ணூறு நாட்களுக்குப் பின் தம் வேலையைத் தாமே செய்யும் நிலையில் இருந்தோர், சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 49 பேர். பெறாதவர்களில் 13 பேர். 2023இல் நெதர்லாந்தில் எம்.ஆர். கிளீன்-லேட் ஆய்வு, பிந்தி வந்தவர்களைப் பக்கவழி தெரிகிறதா என்ற ஒன்றைக்கொண்டே தேர்ந்தது. பலன் அங்கும் கிட்டியது.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிந்தி வந்தும் சிறிய பாதிப்போடு இருப்பவர்கள் ஏற்கெனவே இயற்கையால் சலித்தெடுக்கப்பட்டவர்கள். அவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்பதால் பிந்தி வருவதில் கேடில்லை என்று ஆகாது. அவர்களோடு அதே இரவில் நோயுற்று, வளையம் அமையாத காரணத்தால் அச்சல்லடையில் விழுந்துபோனவர்கள் அவ்வட்டவணைகளில் இல்லை. வெளியிலிருந்து பார்த்து எவருடைய மூளையில் எது இருக்கிறதென்று சொல்ல இயலாத வரை, கைகால் தளர்ந்தவுடன் ஓடுவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

இந்தியர்களுக்கென்று ஒரு செய்தி உண்டு. ஐரோப்பிய வம்சத்தவரோடு ஒப்பிடுகையில், நம்மவர் உள்ளிட்ட ஆசியரிடம் தமனிக் குறுக்கம் மண்டையோட்டினுள் நேர்வது அதிகம். கழுத்தில் நேரும் அடைப்பை வளையம் ஈடுசெய்யலாம். வளையத்தைத் தாண்டி, நடு மூளைத் தமனியில் நேரும் அடைப்புக்கு வளையம் எவ்வளவு முழுமையாக இருந்தும் பயனில்லை. அங்கே ஹெய்ப்னரின் மெல்லுறைப் பிணைப்புகள்தாம் கதி. நம் வகுப்பறைகளில் வளையத்துக்கு ஒரு முழு வகுப்பும், அப்பிணைப்புகளுக்கு ஒரு வாக்கியமும் ஒதுக்கப்படுவது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

பக்கவழியை நாமே பெருக்க முடியுமா? எளிய வழியொன்று சோதிக்கப்பட்டது: நோயாளியைத் தலையுயர்த்தாமல் மட்டமாகப் படுக்கவைத்தால் மூளைக்குக் குருதி கூடுமே என்று. இந்தியாவும் பங்குபெற்ற ஹெட்போஸ்ட் ஆய்வு 11,093 நோயாளிகளிடம் இதைப் பார்த்தது. 2017இல் வந்த முடிவு: தேறுவதில் வேறுபாடு இல்லை.

அறிக்கையின் அவ்வரியைப் பெரியம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். சொல்லும்போதே என் துறைக்குரிய தயக்கமும் கூடவே வந்தது. எம்.ஆர். படத்தில் 'தென்படவில்லை' என்பது 'இல்லை' என்பதற்குச் சமம் அன்று. மெல்லிய தமனியில் ஓட்டம் மந்தமாக இருந்தாலும் அது படத்தில் மறைந்துபோகும். இருந்தும் அத்தனை பெரிய தமனியை அடைத்த உறைகட்டியை அன்றைய மருந்து கரைப்பது அரிது என்பதையும், அன்று மூன்று மணிநேரமே எல்லை என்பதையும், உறைகட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை நிலைபெற இன்னும் பதினோராண்டு இருந்தது என்பதையும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்: "அப்படின்னா உங்க அண்ணனுக்கும் அந்தக் குழாய் இருக்காதோடா?"

எலிகளில் அதற்கு ஓரளவு விடை உண்டு. ஒரு குலத்து எலிக்கு மெல்லுறைப் பிணைப்புகள் ஏராளம், இன்னொரு குலத்துக்கு மிகச் சொற்பம். அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி ரேபெப்2 என்னும் ஒற்றை மரபணுவால் வருகிறது என்று 2016இல் வட கரோலினாவின் ஜேம்ஸ் ஃபேபர் குழுவினர் காட்டினர். மனிதரில் கணக்கு இவ்வளவு நேரானதாக இல்லை. முதுமையும் நெடுநாள் இரத்த அழுத்தமும் அப்பிணைப்புகளைத் தேய்க்கின்றன என்பதையும் அதே ஆய்வுக்கூடம் எலிகளில் கண்டது. அண்ணனுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. மூன்றாண்டுகளாக அழுத்தம் இருக்கிறது. இவ்வளவையும் பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்லுங்கள் என்றேன். அன்று மாலையே புனேவுக்குத் தொலைபேசியில் அழைத்து அவனைக் கண்டித்துக்கொண்டிருந்தார். அறிக்கையை மறுபடியும் மடித்து, ரேஷன் கார்டும் ஓய்வூதியப் புத்தகமும் இருக்கும் உறைக்குள்ளேயே வைத்துவிட்டார்.